ஆறு மணி நேர ஒட்டு

17

போன வாரம் சின்னவளை ஆபரேஷன் தியேட்டர் வாசலில், கையுறையைக் கழற்றக்கூட மறந்து நின்ற கோலத்தில் விட்டுவிட்டு வந்தோம். அதற்காக என்னைத் திட்டி எழுதிய வாசகிகள் கொஞ்சநஞ்சம் இல்லை. "ஒரு வாரமாவா அந்தப் பொண்ணு நின்னுட்டே இருக்கணும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். என்ன செய்வது, ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் உட்காரச் சொல்வதில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. சின்னவள் கண் அறுவை மருத்துவம் படிக்கிறாள், இது கடைசி வருடம். அவளுடைய அண்ணன், வீட்டுக்குப் பெரியவன், அதே ஆஸ்பத்திரியில் கண் பரிசோதகன். "முதல் வரியைப் படிங்க, இப்ப தெளிவா இருக்கா, இப்ப?" என்று நாள் முழுவதும் கேட்கிற வேலை. அம்மா முப்பது வருடம் சலவை நிலையத்தில் இஸ்திரி போட்டு இரண்டு பேரையும் கரையேற்றியவள். அப்பா, சின்னவளுக்கு ஐந்து வயதாகும்போதே போய்விட்டார். போன வாரம் ஒரு பெரியவருக்கு, லிஃப்ட் இயக்கி ஓய்வு பெற்றவருக்கு, சின்னவள் புரை எடுத்தாள். கண்ணுக்குள் லென்ஸைத் தாங்கும் மெல்லிய பை அவள் கையில் கிழிந்தது. புரையில் பாதி கண்ணின் பின்பக்கம் விழுந்துவிட்டது.

இது மூன்றாவது முறை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தலைமை டாக்டர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனதும், "உட்காரும்மா" என்றார். அப்போதே சின்னவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

தலைமை டாக்டர் ஒல்லியான பெண்மணி. கோபம் வந்தால் குரல் குறையும். அன்று குரல் ரொம்பவே குறைந்திருந்தது. மேஜை மேல் கம்ப்யூட்டரில் ஒரு கண், திரை முழுக்க விரிந்து, அசையாமல் நின்றது. தியேட்டரில் நடக்கும் ஒவ்வொரு அறுவையையும் மைக்ராஸ்கோப்பே படம் பிடித்துவிடும்.

"நேத்து வீட்டுக்குப் போகாம உன்னோட நாப்பத்திரண்டு கேஸையும் பார்த்தேன்" என்றார். "சாதாரணப் புரையில நீ ராணி. சில இடத்துல என்னைவிட நல்லா செய்யற. எனக்கே கொஞ்சம் வயித்தெரிச்சலா இருந்துச்சு."

சின்னவள் சிரிக்கவில்லை.

"பழுப்புப் புரை மொத்தம் ஆறு. அதுல மூணு கிழிஞ்சிருக்கு. ஏன்?"

"பழுப்புப் புரை கல்லு மாதிரி இருக்கும் மேடம். கொஞ்சம் அழுத்தம் கூடிடுச்சு."

"அழுத்தம் இல்ல. நான் பார்த்தேனே." அவர் படத்தை ஓடவிட்டார். பேனா முனையைவிட மெல்லிய ஊசி, புரையின் நடுவே பள்ளம் தோண்டிக்கொண்டு போனது. பள்ளம் ஆழம் போதாவிட்டால் புரை உடையாது. ஒரு மயிரிழை கூடினால் அடியில் இருக்கும் பை கிழியும். "பள்ளம் போதும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இந்தக் கேள்விக்கு அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் பதில் தெரியும். "அடியில சிவப்பு கூடும் மேடம். மைக்ராஸ்கோப் வெளிச்சம் விழித்திரையில பட்டுத் திரும்பும் இல்லையா? பள்ளம் ஆழமாக ஆழமாக அந்தச் சிவப்பு பளிச்சுன்னு வரும்."

"பழுப்புப் புரையில சிவப்பே வராதே. வெளிச்சம் அதைத் தாண்டிப் போகாதே. அங்க எப்படிப் பார்ப்ப?"

சின்னவள் திரையில் நின்ற கண்ணையே பார்த்தாள்.

"மத்தவங்க யாரும் சிவப்பை நம்பி மட்டும் தோண்டறதில்லம்மா. அவங்களுக்குப் பள்ளம் பள்ளமாவே தெரியும். ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தா ஆழம் தெரியும். உனக்குத் தெரியுதா?"

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் ஊர் உலகமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறது. இவள் கத்தியையே விட்டிருக்கிறாள். இதற்கு மேல் என் வாயால் அவளைத் திட்ட மனம் வரவில்லை.

"மதியம் ரெண்டு மணிக்கு ஆழப்பார்வை டெஸ்ட். உங்க அண்ணன்தான் செய்வார், எனக்குத் தெரியும். நானும் பக்கத்துல இருப்பேன். சரியா இருந்தா, திங்கட்கிழமையிலேர்ந்து நானே உன்கூட உட்கார்ந்து பழுப்புப் புரை பழக்கறேன். சரியா இல்லைன்னா இனிமே நீ தியேட்டருக்குள்ள வரக்கூடாது. மருந்து கொடுக்கற கண் வைத்தியம் எவ்வளவோ இருக்கு. அதுவும் டாக்டர் வேலைதான்."

"சரி மேடம்" என்று எழுந்தாள்.

அதுவும் டாக்டர் வேலைதான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் இவள் மூன்று வருடம் எதற்காக உயிரை விட்டாள் என்று எனக்குத் தெரியும். கசாப்புக் கடையிலிருந்து டப்பாவில் வரும் ஆட்டுக் கண்களை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பத்து அறுத்தால் இவள் முப்பது அறுத்தாள். முடியைவிட மெல்லிய நூலால் கிழிந்த கையுறைகளை எல்லாம் தைத்துத் தள்ளினாள். இடது கை பழக வேண்டும் என்று இடது கையால் பல் தேய்த்தாள், சட்டைக்குப் பட்டன் போட்டாள். தியேட்டரில் மைக்ராஸ்கோப் விளக்கு எரிந்ததும் அவளுக்கு உலகத்தில் வேறு கவலையே இருக்காது. அந்த ஒளி வட்டத்துக்குள் அவள் சந்தோஷமாக இருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக வேறு எங்கும் இருந்ததில்லை.

மாடிப்படித் திருப்பத்தில் பெரியவன் காத்திருந்தான். ஆஸ்பத்திரியில் செய்திக்குக் கால் உண்டு.

"ரெண்டு மணிக்குத்தானே?" என்றான்.

"ஆமா அண்ணா."

"புத்தகம் அதே புத்தகம்தான், குட்டி. புதுசு எதுவும் வாங்கல."

அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் பெரிய ஈ ஒன்று. இரண்டு கண்ணும் ஒத்துழைக்கிறவர்களுக்கு அது தாளை விட்டு எழும்பி நிற்கும். இறக்கையைப் பிடிக்கச் சொன்னால் காற்றில் பிடிப்பார்கள். ஒத்துழைக்காதவர்களுக்கு அது வெறும் படம், விரல் தாளில் போய் முட்டும். அடுத்த பக்கத்தில் ஒன்பது கட்டங்கள். கட்டத்துக்கு நான்கு வட்டம், அதில் எது எழும்பி நிற்கிறது என்று சொல்ல வேண்டும்.

சின்னவளின் இடது கண் சோம்பேறிக் கண். பிறந்ததிலிருந்தே மங்கல். மூன்று வருடத்துக்கு முன்னால், இந்தப் படிப்பில் சேருவதற்கான உடல் தகுதிப் பரிசோதனைக்கு முந்தைய வாரம், அண்ணனும் தங்கையும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அந்த ஒன்பது விடைகளையும் வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்தார்கள். ஈயின் இறக்கையை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று அவன் ஸ்கேல் வைத்துச் சொல்லிக் கொடுத்தான். பிறகு அவனே பரிசோதித்து, "ஆழப்பார்வை இயல்பு" என்று எழுதி, அவனே கையெழுத்தும் போட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். அன்று இருவருக்கும் அது ஒரு படிவத்தில் இருக்கும் ஒரு வரியாகத்தான் தெரிந்தது.

"மேடம் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தா பழகிடும்" என்றான் பெரியவன்.

"பழகாது அண்ணா. இல்லாத ஒண்ணை எப்படிப் பழகறது?"

"ஒத்தைக் கண்ணோட கார் ஓட்டறாங்க."

"கார் ஓட்டறவன் அடுத்தவன் கண்ணுக்குள்ள ஓட்டலையே."

அவளே தொடர்ந்தாள்.

"உன் கையெழுத்து இருக்கே அண்ணா."

"அதை நினைச்சுப் பொய் சொல்லாத. அதை நினைச்சு உண்மையும் சொல்லாத. உன் படிப்பை நினைச்சுக்கோ." சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். போகிறபோது கைப்பிடியை அழுத்திப் பிடித்திருந்ததை அவள் பார்த்தாள்.

மதியத்துக்கு முன்னால் அவள் ஒரு வேலை செய்தாள். இரண்டாவது மாடிக்குப் போய் லிஃப்ட்காரரைப் பார்த்தாள். கண்ணில் கட்டோடு, படுக்கையில் சம்மணமிட்டு, ரேடியோவைக் காதில் வைத்திருந்தார்.

"வாங்க டாக்டரம்மா. உள்ள விழுந்தது விழுந்த இடத்துல இருக்கா, இல்ல இன்னும் ரெண்டு மாடி இறங்கிடுச்சா?"

"நாளைக்கு விழித்திரை டாக்டர் எடுத்துடுவார் ஐயா. அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத்தான் பார்வை வரும். முன்ன மாதிரி முழுசா வருமான்னு இப்ப சொல்ல முடியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "என் கையாலதான் ஆச்சு. மன்னிச்சுக்கோங்க."

"அட, விடுங்க. நாப்பது வருஷத்துல என் லிஃப்ட் நடுவுல நின்னதே இல்லையா? யாரும் என்னைத் தூக்கிப் போட்டு மிதிக்கல." ரேடியோவை அணைத்தார். "இந்தப் பக்கத்துக் கண்ணு எப்போ?"

அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். பார்க்கத் தேவையே இல்லை, ஏற்கெனவே தெரியும். அதுவும் பழுப்பு. முதல் கண்ணைவிடக் கறுத்த பழுப்பு.

"மூணு மாசம் போகட்டும் ஐயா."

"போகட்டும். ஆனா நீங்கதான் செய்யணும். புதுசா ஒருத்தர்கிட்ட மறுபடி முதல்லேர்ந்து பயப்பட என்னால ஆகாது."

அவள் அவருடைய போர்வையை இழுத்துச் சரி செய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

இரண்டு மணிக்குப் பரிசோதனை அறையில் மூன்று பேர். தலைமை டாக்டர் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். பெரியவன் மேஜை விளக்கைச் சாய்த்துப் புத்தகத்தை விரித்தான். சின்னவள் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ஈயோட இறக்கையை ரெண்டு விரலால பிடிங்க" என்றான் பெரியவன். முன்பின் தெரியாத நோயாளியிடம் பேசுகிற குரல்.

அவள் கை தானாகவே எழுந்தது. ஸ்கேல் வைத்துப் பழகிய கை. தாளுக்கு மேலே, மிகச் சரியான உயரத்தில், இரண்டு விரலும் காற்றைக் கிள்ளி நின்றன. தலைமை டாக்டர் பெருமூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. நிம்மதிப் பெருமூச்சு. அந்த அம்மாளும் இவள் தேற வேண்டும் என்றுதான் காத்திருந்தார் போலிருக்கிறது.

விரல்களை அங்கேயே வைத்திருந்தால் போதும். அடுத்து ஒன்பது வார்த்தை. திங்கட்கிழமை தியேட்டர். மூன்று மாதத்தில் லிஃப்ட்காரரின் இன்னொரு கண்.

சின்னவள் கையைக் கீழே இறக்கினாள். விரல்கள் தாளில் முட்டின.

"இங்கதான் இருக்கு மேடம்" என்றாள். "எனக்கு எப்பவுமே இங்கதான் இருந்திருக்கு. மேல பிடிக்கணும்னு தெரியும், அதனால பிடிச்சேன். அடுத்த பக்கத்துல ஒன்பது பதிலும் எனக்கு மனப்பாடம். எதுவும் எழும்பித் தெரியாது."

பெரியவன் புத்தகத்தை மூடவில்லை. பக்கத்தையும் திருப்பவில்லை.

"எந்தக் கண்?" என்றார் தலைமை டாக்டர்.

"இடது, மேடம். அஞ்சு வயசுல கண்டுபிடிச்சாங்க."

"ஒட்டு போட்டாங்களா?"

நல்ல கண்ணை ஒட்டுப் போட்டு மூடிவிட்டால் சோம்பேறிக் கண் வேறு வழியில்லாமல் வேலை செய்யப் பழகும். அதுதான் வைத்தியம். ஆனால் குழந்தையாக இருக்கும்போதே செய்ய வேண்டும். ஏழெட்டு வயதைத் தாண்டிவிட்டால் பலன் குறைந்துகொண்டே போகும்.

"போட்டாங்க மேடம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், ரெண்டு வருஷம். எங்கம்மா வேலைக்கும் போய்க்கிட்டு ஒரு நாள் விடாம ஒட்டினாங்க. என் கண்ணுதான் கேட்கல." அதைச் சொல்லும்போது, அந்த நிலைமையிலும், அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

பெரியவன் தலை குனிந்தான். அப்போது அவனுக்குப் பதினோரு வயது. தங்கை கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு வீறிட்டதும், அம்மா குனிந்து அவளை வெளியே இழுத்து, மடியில் போட்டுக்கொண்டு, ஒட்டைப் பிய்த்து எறிந்ததும் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. இருபது வருடம் கழித்து அவன் ஒரு பொய்ப் படிவத்தில் கையெழுத்துப் போட்டானே, அது தங்கை மேல் இருந்த பாசத்தால் மட்டும் இல்லை. அம்மாவின் கடனை அவன் அடைக்கப் பார்த்தான்.

தலைமை டாக்டர் தன் கோப்பிலிருந்து பழைய படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இந்தக் கையெழுத்து?"

"என்னோடது மேடம்" என்றான் பெரியவன்.

"அவன்மேல தப்பில்ல மேடம், நான்தான்..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"நீ சும்மா இரு." குரல் கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. "திங்கட்கிழமை பத்து மணிக்கு ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க. என்ன செய்யறதுன்னு எனக்கே இப்ப தெரியல." கதவருகே போனவர் திரும்பினார். "காலையில உன்னை ராணின்னு சொன்னேன் இல்ல? அது நிஜம்தாம்மா. அதான் கஷ்டமா இருக்கு."

அண்ணனும் தங்கையும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கை. இறங்கும்போது அவள், "மன்னிச்சிடு அண்ணா" என்றாள். "போடி" என்றான் அவன். அதில் கோபம் இல்லை.

அம்மா வெள்ளைக் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. ஆனாலும் மகளின் கோட்டை வேறு யாரையும் தொட விடமாட்டாள். தெருவில் யாராவது கண்ணைக் கசக்கினால் போதும், "எம் பொண்ணு கண் டாக்டரு, ஆபரேஷனே பண்ணுவா" என்று ஆரம்பித்துவிடுவாள். எதிர்வீட்டுக்காரி கண்ணில் தூசி விழுந்தால்கூட இந்தப் பக்கம் திரும்பாமல் கசக்குவதாகப் பெரியவன் கேலி செய்வான்.

"என்ன ரெண்டு பேரும் சேர்ந்து வர்றீங்க? மழை வரப் போகுதா?" என்றாள் அம்மா.

சின்னவள் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, இனிமே நான் ஆபரேஷன் பண்ண முடியாது."

"யாரு சொன்னது?"

"நானே சொல்லிட்டேன். எனக்கு ஆழம் தெரியாதும்மா. இடது கண்ணு சேர்ந்து பார்க்காது. மூணு பேரோட கண்ணு என் கையால கிழிஞ்சுது. இதோட போதும்."

அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கோட்டின் மேலேயே வைத்திருந்தாள். பெரியவன் பாய்ந்து அதை எடுத்து நிமிர்த்தி வைத்தான். கோட்டின் முதுகில் பழுப்பாக ஒரு தழும்பு விழுந்துவிட்டது. முப்பது வருடத்தில் அம்மா கையால் ஒரு துணி கருகியது இதுதான் முதல் தடவை.

"எம் பொண்ணு..." என்றாள் அம்மா.

சின்னவள் போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாதம்மா. நீ என்ன பண்ணுவ? நீ பண்ண வேண்டியது எல்லாம் பண்ணிட்ட. ஒட்டு போட்டும் சில கண்ணு சரியாகாது. நான் தினம் பார்க்கறேனே. 'ஒழுங்கா ஒட்டறோம் டாக்டர்'னு பொய் சொல்ற அம்மாங்க எத்தனை பேரு தெரியுமா? எனக்கு அப்படி ஆத்திரம் வரும். நீ அப்படி இல்லையேம்மா."

"போதும் குட்டி" என்றான் பெரியவன் அவசரமாக. "போய் முகம் கழுவு. போ."

அம்மா மகனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் மகளின் கைகளைத் தன் மேலிருந்து மெதுவாக எடுத்துவிட்டாள்.

"நான் ஒட்டலடி."

"என்ன?"

"ஒட்டின பத்து நிமிஷத்துல பிச்சுடுவேன். நீ கட்டிலுக்கடியில போய்க் கத்துவ. கண்ணு தெரியல, கண்ணு தெரியலன்னு கத்துவ. அந்த வருஷந்தான் உங்கப்பா போனாரு. வீட்டுல இன்னொருத்தர் அழுது என்னால கேட்க முடியல." அம்மா அழவில்லை. கருகிய கோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "டாக்டர்கிட்ட போற அன்னிக்குக் காலையில மட்டும் புதுசா ஒண்ணு ஒட்டி அழைச்சுட்டுப் போவேன். 'ஒழுங்கா ஒட்டறியாம்மா'ன்னு கேட்பாரு. 'ஆமா டாக்டர்'னு சொல்லிடுவேன்."

பெரியவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சின்னவள் அம்மாவையே பார்த்தாள். மூன்று வருடப் பழக்கத்தில் வாய் தானாகவே கேட்டது. வெளிநோயாளிப் பிரிவில் பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மாரிடம் கேட்கிற அதே கேள்வி, அதே நிதானமான குரல்.

"எத்தனை மாசம் இப்படி விட்டீங்க?"

"ரெண்டு வருஷமும்" என்றாள் அம்மா.

அந்தக் கேள்விக்கும் பதிலுக்கும் பிறகு அவள் அந்தத் தாய்மாரிடம் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. பரவாயில்லை, குழந்தைக்கு இன்னும் வயசு இருக்கு, இன்னைக்கே ஆரம்பிங்க. எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அதைச் சொல்லித்தான் அனுப்புவாள்.

இந்த மாதத்தோடு அவளுக்கு இருபத்தெட்டு முடிகிறது.